பன்னீர் வடிக்கும் பானையில் ஹீட்டரை எப்படி அடக்குகிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன் பன்னீர்

வணக்கம். சிங்கப்பூரில் வீட்டிலேயே பன்னீர், வெட்டிவேர்த் தண்ணீர், எலுமிச்சைப் புல் தைலம் வடிப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். கேஸ் அடுப்பை விட்டு மின்சாரத்துக்கு மாறியவர்கள் ஹீட்டரை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

15 லிட்டர் எவர்சில்வர் பானை, அடியில் 2000 வாட் எலிமெண்ட். பூவும் புல்லும் தண்ணீரில் விழாமல் மேலே சல்லடைத் தட்டில் இருக்கும். பானையோடு ஒரு பிஐடி கண்ட்ரோலரும் வந்தது. வைத்த டிகிரியைப் பிடிக்க ஹீட்டரைத் தானே கூட்டிக் குறைக்கிற கருவி அது. பியர் காய்ச்சுகிறவர்களுக்கு அது அருமையான சாமான். மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டுமென்றால் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வடிப்பதற்கு அந்த வேலை ஒத்துவராது. 98 என்று வைத்தால் தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. 101 என்று வைத்தால், நாம் இருப்பது கடல் மட்டத்தில், தண்ணீர் 100-ஐத் தாண்டப் போவதில்லை. கண்ட்ரோலர் 'இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை' என்று ஹீட்டரை முழு வேகத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

கொதிக்கும் தண்ணீரின் சூடு நம் கையில் இல்லை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆவி கிளம்புகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதை முடிவு செய்வது வாட். கொதிநிலைக்கு வந்த ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோ ஜூல் வேண்டும். 600 வாட் கொடுத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வடியும். முழு 2000 வாட்டையும் விட்டால் மூன்று லிட்டர் அளவுக்கு ஆவி கிளம்பும், ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் என் கண்டென்சர் தாங்காது. குழாய் முனையில் புகை மாதிரி ஆவி வெளியேறும். பாட்டிலுக்குப் போக வேண்டிய வாசனை சமையலறையில் பரவிவிடும். அதனால் 10 லிட்டர் கொதிக்கும் வரை முழு வேகம், சுமார் 25 நிமிடம் பிடிக்கும். பிறகு கண்ட்ரோலரை மேனுவல் மோடுக்கு மாற்றி 30 சதவீதம், அதாவது 600 வாட். அவ்வளவுதான்.

ஜூரோங் வயர்மேன்

அண்ணே சொன்னது சரி. அந்த 30 சதவீதத்தை நிறைவேற்றுகிற எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, கண்ட்ரோலர் சொல்படி ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நண்பர் ஒருவர் வீட்டில் எலுமிச்சைப் புல் வடித்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து கண்ட்ரோலரில் பூஜ்யம் வைத்தார். திரையில் பூஜ்யம், சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டது. பானை மட்டும் குமுகுமுவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஸ்எஸ்ஆரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம். உள்ளே சுவிட்ச் வேலை செய்கிற ட்ரையாக் என்ற பாகம் உருகி ஒட்டிக்கொண்டது. பெட்டியின் மேல் 40 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. திறந்து பார்த்தால் அதற்குப் பாதி அளவுகூடத் தாங்காத சின்ன ட்ரையாக்.

எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஆன் நிலையில்தான் சாகும். இதை மறந்துவிடாதீர்கள். அதை நம்பி ஆளில்லாமல் விட்டுப் போனால், தண்ணீர் வற்றி எலிமெண்ட் வெளியே தெரியும், சில நிமிடத்தில் சிவந்துவிடும். அதனால் எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு நிஜமான காண்டாக்டர் போடுங்கள், காயிலில் மின்சாரம் இருக்கும் வரை மட்டும் இணைத்து வைக்கிற காந்த சுவிட்ச் அது. பானையின் அடிப்பகுதியில் எலிமெண்ட் மட்டத்தில் சூடு மீறினால் துண்டித்துவிடும் ஒரு தெர்மல் கட்அவுட் ஒட்டி, அதைக் காண்டாக்டர் காயிலோடு தொடராக இணைத்துவிடுங்கள். கண்ட்ரோலர் என்ன சொன்னாலும் பானை வறண்டால் மின்சாரம் போய்விடும்.

அப்புறம் எஸ்எஸ்ஆரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க். 2000 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். ஒவ்வொரு ஆம்பியருக்கும் எஸ்எஸ்ஆர் ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும். அலுமினியத் துடுப்புள்ள ஹீட் சிங்க் இல்லாமல், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் வீணாய்ப் போகும். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சிம் லிம் டவரில் நல்லதாகக் கிடைக்கும், நேரில் பார்த்து எடையைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம். எஸ்எஸ்ஆர் ஆஃப் ஆன பிறகும் சில மில்லி ஆம்பியர் கசியும், வயரைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

3000 வாட் எலிமெண்ட் வேண்டாம். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது விளிம்பு. மணிக்கணக்கில் ஓட்டினால் பிளக்கின் கால் சுடும்.

தெம்பனிஸ் அக்கா

நான் வெட்டிவேர் மட்டும்தான் வடிக்கிறேன். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கட்டாக வாங்கி, கழுவி, துண்டு துண்டாக வெட்டி ஊறவைத்து. வெட்டிவேர் அவசரப்படாது தம்பி, பெரிய ஆலைகளிலேயே ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவிடுகிறார்கள். எனக்குத் தைலம் வேண்டாம், தண்ணீர் போதும் என்பதால் பகலோடு நிறுத்திவிடுகிறேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. பானையைப் பல மாதம் ஸ்டோர் ரூமில் வைத்திருந்துவிட்டு எடுத்தேன். பிளக்கைப் போட்டதும் டப்பென்று ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து வீடு முழுக்க இருட்டு. ஃபிரிட்ஜ், மீன் தொட்டி எல்லாம் நின்றுபோய்விட்டது. எலிமெண்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடப் பார்த்தேன். பக்கத்து பிளாக்கில் இருக்கும் லைசென்ஸ் எலக்ட்ரிஷியன் மாமா தடுத்தார். எலிமெண்டின் உலோக உறைக்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி அடைத்திருக்குமாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர்க் காற்றைக் கேட்க வேண்டுமா! ஈரம் வழியாக எர்த்துக்குக் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் ஆர்சிசிபி விழுந்துவிடும். அவர் கசிவை அளக்கும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்து, எலிமெண்டைக் கழற்றி, ரப்பர் வாஷரையும் எடுத்துவிட்டு, ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைக்கச் சொன்னார். திரும்ப அளந்தபோது கசிவே இல்லை. இப்போதும் அதே எலிமெண்ட்தான் ஓடுகிறது.

ஆர்சிசிபி விழுகிறது என்று அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழி தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் அது இல்லாமல்கூட இருந்தது, இப்போது எல்லா வீட்டுக்கும் கட்டாயம். தண்ணீர், உலோகப் பானை, மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது அதுதான்.

புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. இதே பானையில் ஒயினை ஊற்றி பிராந்தி மாதிரி வடிக்க முடியுமா? 30 சதவீதமே போதுமா?

ஜூரோங் வயர்மேன்

வேண்டாம் தம்பி. சிங்கப்பூரில் பியர், ஒயின் மாதிரி புளிக்க வைப்பதற்கு மட்டும்தான் வீட்டில் சலுகை. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், சொந்த உபயோகத்துக்கு, விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது, லைசென்ஸ் இல்லாமல் செய்தால் குற்றம். சாராய ஆவி தீப்பிடிக்கும் சமாச்சாரம் வேறு. கதவு சாத்திய வீவக (அரசு அடுக்குமாடி) சமையலறையில், மேலும் கீழும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில், அதை நினைத்தே பார்க்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் மணி

என்னிடம் எலக்ட்ரானிக்ஸே இல்லை. 1500 வாட் எலிமெண்ட் இரண்டு, ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கொதிக்க வைக்கும்போது ஒன்று மட்டும் ஓடும். கொதித்ததும் சுவிட்சைத் திருப்பினால் இரண்டும் தொடராக இணைந்துவிடும். தொடரில் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட், அதனால் கால்வாசி வாட். இரண்டும் சேர்ந்து 750. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நிதானமாக வடிகிறது. எலிமெண்டின் மேல்பரப்பு அவ்வளவாகச் சூடேறாததால், தட்டிலிருந்து நழுவி விழுந்த இதழ்கூடக் கருகி ஒட்டுவதில்லை. பன்னீரில் கருகல் வாடை வந்தவர்களுக்கு இது நல்ல வழி. வயரிங்கை மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஈசூன் பன்னீர்

மணி, இது எனக்குத் தோன்றவே இல்லை, பிரமாதம்.

கண்டென்சர் பற்றி யாராவது எழுதுவார்களென்று பார்த்தேன், நானே சொல்கிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் குழாய்த் தண்ணீரே கிட்டத்தட்ட 28, 29 டிகிரியில் வருகிறது. வாளியில் சின்ன பம்ப்பை வைத்துச் சுற்றவிட்டால் சீக்கிரமே வாளி சுட ஆரம்பிக்கும். ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுவேன். வட இந்தியாவின் கனௌஜில் அத்தர் வடிப்பவர்கள் ஆவி போய்ச் சேரும் செம்புப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கையால் தொட்டுப் பார்த்து விறகை ஏற்றி இறக்குகிறார்கள். அதே யோசனைதான்: பானைக்குள் இருந்த சென்சாரை எடுத்து, பன்னீர் சொட்டும் முனையில் கட்டிவிட்டேன். அங்கே 40 டிகிரி தாண்டினால் அலாரம் அடிக்கும். அடித்தால் வாட்டை 30-லிருந்து 25 சதவீதமாகக் குறைப்பேன், இல்லையென்றால் இன்னொரு ஐஸ் பாட்டில் போடுவேன்.

தெம்பனிஸ் அக்கா

சென்சாரை எதை வைத்துக் கட்டினீர்கள்? நான் ஒட்டிய டேப் ஈரத்தில் கழன்று கழன்று விழுகிறது.

ஈசூன் பன்னீர்

டேப் நிற்காது அக்கா. குழாயோடு சேர்த்து எவர்சில்வர் கிளிப் ஒன்று போட்டு இறுக்கி, மேலே சிலிகான் டியூபைப் பிளந்து மூடிவிடுங்கள்.