கியர் வண்டி பழகுகிறேன்: கிளம்பும்போது ஆஃப் ஆகிறது, பிரேக் பிடித்தால் நிற்கவில்லை

சேலத்துக்காரி:

வணக்கம். வயது 36. கல்லூரி முடித்த நாளிலிருந்து ஸ்கூட்டிதான் ஓட்டுகிறேன். தம்பி வெளிநாடு போனபோது அவனுடைய 2021 ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். "சும்மா நின்றால் வீணாகிவிடும், நீயே ஓட்டுக்கா" என்றான். எனக்கும் ஒரு நாள் அதில் ஏற்காட்டுக்குப் போய்வர வேண்டும் என்று ஆசை. பத்து நாளாகக் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் பழகுகிறேன். அப்பா ஓரமாக நின்று "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை.

இப்போது மூன்று தொல்லைகள்.

கிளம்பும்போது பத்துக்கு ஆறு தடவை ஒரு உதறு உதறி ஆஃப் ஆகிறது. ஒருநாள் தைரியம் வந்து சிக்னல் வரை போனேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

அதே சிக்னலில் இன்னொன்றும் நடந்தது. நியூட்ரலில் போட்டுவிட்டு நிற்கிறேன், எதையும் தொடவில்லை, சத்தம் தானாக நின்றுவிட்டது. பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் கேட்டால் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகமாம்) கழட்டிக் கழுவ வேண்டும் என்கிறார்.

மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. நேற்று மைதானத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நிற்காமல் மிதந்துகொண்டே போனது. நாய் பிழைத்தது அதன் சாமர்த்தியம். அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அப்படியானால் என்ன கோளாறு?

ஐந்து ரோடு பையன்:

அக்கா, ரொம்ப சுலபம். முதல் கியர் மட்டும் கீழே அமுக்குங்கள், மீதி எல்லாவற்றையும் நுனிக்காலால் மேலே தூக்குங்கள். முன் பிரேக் பக்கமே போகாதீர்கள், ஆளைத் தூக்கி வீசிவிடும். இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டுவிடுங்கள், பெட்ரோல் மிச்சம். பத்து நாளில் ஏற்காடு போய்விடலாம்.

பழைய புல்லட்:

தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் மூன்றுமே உங்களைக் கீழே தள்ளிவிடும் அம்மா.

நீங்கள் வைத்திருப்பது ஸ்ப்ளெண்டர். அதில் நான்கு கியரும் ஒரே திசை. நியூட்ரலிலிருந்து முன்பக்கத்தை மிதிக்க மிதிக்க 1, 2, 3, 4. குதிகாலால் பின்பக்கத்தை மிதித்தால் ஒவ்வொன்றாக இறங்கும். தம்பி சொல்வது "ஒன்று கீழே, மீதி மேலே" வகை வண்டிக்கு. உங்கள் வண்டியில் முதல் கியரில் இருந்துகொண்டு முன்பக்கத்தைத் தூக்கினால் நியூட்ரலுக்குத்தான் திரும்பும்.

முன் பிரேக் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. நாய் வந்தபோது எந்தக் கையை இறுக்கினீர்கள்?

சேலத்துக்காரி:

ஐயோ.

இடது கை.

பழைய புல்லட்:

அதேதான். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் இடது கை இன்னும் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்கூட்டியில் இடது கையில் இருப்பது பின் பிரேக். இந்த வண்டியில் அங்கே இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அதுவரை ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டாவது இருந்திருக்கும். கிளட்சைப் பிடித்ததும் அந்தப் பிடியும் போய்விட்டது. மிதந்தது என்று சரியாகத்தான் சொன்னீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். நான் பழகியது பழைய புல்லட்டில். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிறகு அலுவலகத்துக்காக ஜப்பான் மாடல் வண்டி ஒன்று வாங்கினேன், எல்லாம் தலைகீழ். முதல் வாரம் ஒரு மாட்டுவண்டி திடீரென்று திரும்பியது. பிரேக் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தேன், கியர் மாறியது. வைக்கோலில் போய் முட்டியதால் பல் தப்பியது. கைகாலுக்குப் பழகியது அவசரத்தில் முந்திக்கொண்டு வரும், மூளை பின்னால்தான் வந்து சேரும்.

பட்டறை வாசம்:

இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டாவது தொல்லைக்கு நான் பதில் சொல்கிறேன்.

2021 வண்டி என்கிறீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு ஸ்ப்ளெண்டரில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்ஷன்தான். இல்லாத ஒன்றைக் கழட்டிக் கழுவக் காசு கேட்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கைப்பிடியில் ஐ3எஸ் என்று போட்ட ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் இல்லை. நியூட்ரலில் சில நொடி சும்மா நின்றால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதுவே இன்ஜினை நிறுத்தும். கிளட்சைப் பிடித்தால் அதுவே திரும்ப ஸ்டார்ட் ஆகும். பழகும் காலத்தில் அதை அணைத்து வையுங்கள். எது நீங்கள் ஆஃப் செய்தது, எது வண்டி ஆஃப் செய்தது என்று குழம்பாமல் இருக்கும்.

முதல் தொல்லைக்கு ஒரு சோதனை. கிளட்ச் லீவரின் நுனியை ஒரே விரலால் இழுத்துப் பாருங்கள். கனம் தெரிவதற்கு முன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை லூசாக ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக இருந்தால், லீவரை முழுக்க விடப்போகும் கடைசி இடத்தில்தான் கிளட்ச் பிடிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் பொறுமை இழந்து படக்கென்று விட்டுவிடுவார்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் வேறு கஷ்டம்: லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் சரியாக விடாது, நியூட்ரல் விழாது, கியர் கடக்கென்று சத்தம் போடும். எதுவானாலும் கேபிள் நட்டைத் திருகினால் போதும், ஐந்து நிமிட வேலை.

சேலத்துக்காரி:

ஐ3எஸ் ஸ்விட்ச் இருக்கிறது அண்ணா! அணைத்துவிட்டேன். தம்பியைக் கேட்டால் "அதைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்கிறான். லீவரில் ஆட்டம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாளைக்கு வேறு கடையில் காட்டுகிறேன்.

எட்டு போட்டவள்:

அக்கா, நானும் ஸ்கூட்டியிலிருந்து மாறியவள்தான், ஈரோடு. எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் ஆக்சிலேட்டரை மறந்துவிடுங்கள். சமதளத்தில் 1ஆம் கியர் போட்டு, கிளட்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும், வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த இடத்தில் விரலை அப்படியே நிறுத்துங்கள். அதற்கு மேல் விடவே வேண்டாம். பத்தடி நகர்ந்ததும் திரும்பப் பிடித்து நிறுத்துங்கள். இதையே ஒரு காலையில் ஐம்பது தடவை. ஸ்ப்ளெண்டர் சமதளத்தில் ஆக்சிலேட்டர் இல்லாமலேயே ஆளை இழுத்துக்கொண்டு நகரும். அந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் ஆஃப் ஆவது பாதிக்கு மேல் நின்றுவிடும். இன்னொன்று, வண்டி நகர ஆரம்பித்ததும் "அப்பாடா" என்று கிளட்சை மொத்தமாக விட்டுவிடுவோம். அங்கேதான் முக்கால்வாசிப் பேருக்கு ஆஃப் ஆகும். நகர்ந்தபிறகும் ஓர் ஆள் நீளம் போகும்வரை பிடியை மெதுவாகவே விடுங்கள்.

இடது கைப் பழக்கத்துக்கு: 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரு செங்கல் பக்கத்தில் நிறுத்திப் பழகினேன். ஒரே விதி, வலது கையும் வலது காலும்தான் நிறுத்த வேண்டும், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் மட்டும் இடது கை கிளட்சைப் பிடிக்கும். முதலில் கிளட்ச் பிடித்தால் அந்தத் தடவை கணக்கில்லை. முதல் நாள் இருபதுக்கு மூன்றுதான் கணக்கில் வந்தது. எரிச்சலில் செங்கல்லையே எட்டி உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம்.

துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டியில் சக்கரம் மூடியிருக்கும், இங்கே ஆரக்கால் திறந்துதான் இருக்கிறது.

பழைய புல்லட்:

அந்தப் பெண் சொன்ன செங்கல் பயிற்சி அருமை. முன் பிரேக் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன் சக்கரத்தின் மேல் சாயும். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை மட்டும் நிறுத்தினால் அது தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். தூக்கி வீசுவது அதைப் படாரென்று பிடிப்பதும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடிப்பதும், மணலில் பிடிப்பதும். இரண்டு விரலால், பஞ்சு பிழிகிற மாதிரி ஆரம்பித்து இறுக்க வேண்டும். உங்கள் மைதானம் மண் தரையானால் அங்கே இன்னும் மென்மையாக.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லாவிட்டால், ஒன்றைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் கூட்டு பிரேக்காவது இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதனால் உங்கள் வண்டியில் கால் பிரேக்கை மிதித்தாலே முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும். உங்கள் ஸ்கூட்டி புதிது என்றால் அதில் இடது கையே இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். வலது கை லீவரை நீங்கள் கடைசியாக எப்போது தொட்டீர்கள் என்று யோசியுங்கள்.

சேலத்துக்காரி:

யோசித்தேன் ஐயா. வண்டி வாங்கிய அன்று.

ஐந்து ரோடு பையன்:

புல்லட் ஐயா சொன்னது எனக்கே புதிது. நானும் முன் பிரேக் தொடாமல்தான் ஓட்டுகிறேன்.

பழைய புல்லட்:

அப்படியானால் செங்கல் ஒன்று நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

பட்டறை வாசம்:

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்குத்தானே? அதை வைத்துக்கொண்டு சிக்னல் வரை போனது தப்பு. கியர் வண்டிக்கு அது செல்லாது, பிடித்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, 5,000 ரூபாய். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்தத் தாளைத்தான்.

எட்டு போட்டவள்:

ஆமாம் அக்கா. கியர் உள்ள மோட்டார் சைக்கிளைக் கூடுதல் வகுப்பாகச் சேர்க்க விண்ணப்பித்து எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுங்கள். அது 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு. பின்னால் உட்காருவதானால் லைசென்ஸ் உள்ளவர், சொல்லிக்கொடுப்பதற்காக மட்டும். டெஸ்டில் எட்டு போடச் சொல்வார்கள், கால் தரையில் படக்கூடாது. எட்டில் ஜெயிக்க வைப்பதும் அதே கிளட்ச் இடம்தான்: 1ஆம் கியர், பாதிக் கிளட்ச், கால் பிரேக்கை லேசாகத் தொட்டபடி. கண் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, அடுத்து திரும்பப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சேலத்துக்காரி (எட்டு நாள் கழித்து):

வேறு கடையில் கேபிளைச் சரிசெய்தார்கள், காசு கூட வாங்கவில்லை. இப்போது பத்துக்கு ஒரு தடவைதான் ஆஃப் ஆகிறது. எல்எல்ஆர் வந்துவிட்டது. அப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்" என்பதை விட்டுவிட்டு "செங்கல்! செங்கல்!" என்று கத்துகிறார்.

செங்கல் கணக்கு நேற்று இருபதுக்குப் பதினேழு. ஒரு சந்தேகம் பாக்கி. மேம்பால ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருள்கிறது. எனக்கு உயரம் கொஞ்சம் குறைவு, இரண்டு காலையும் ஊன்றினால் நுனிதான் எட்டுகிறது.

பழைய புல்லட்:

இரண்டு காலை ஊன்றினால் பிரேக்கை யார் பிடிப்பது? இடது கால் மட்டும் தரையில், வலது கால் பிரேக்கின் மேல். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் உயரம் பிரச்சினையே இல்லை. கிளம்பும்போது பிரேக்கை விடாமல் கிளட்சை அந்த இடம் வரை விடுங்கள், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி, போகத் துடிக்கும். அப்போது வலது காலை எடுங்கள். உருளாது.

ஏற்காடு போகும் நாளுக்கு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. கியரை வளைவுக்கு முன்னால் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் கிளட்சைத் தொடக்கூடாது. இறங்கும்போது நியூட்ரல் வேண்டவே வேண்டாம். 2ஆம் கியரிலேயே விட்டால் இன்ஜின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் சூடேறி, கீழே வரும்போது பிடிப்பு குறைந்திருக்கும். ஏறி வருகிற வண்டிக்கு நீங்கள் வழிவிடுங்கள்.

சேலத்துக்காரி:

லைசென்ஸ் கைக்கு வந்தபிறகுதான் ஏற்காடு. அதுவரை மலை ஏறுவதற்கு முன்னால் வரும் கோரிமேட்டோடு சரி.

கடைசியாக ஒரு கூத்து. இன்று காலை அவசரத்துக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனேன். முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. வலது காலை ஓங்கி மிதித்தேன். பலகையில் தட்டென்று ஒரு சத்தம்.

எட்டு போட்டவள்:

வாழ்த்துகள் அக்கா, கால் மாறிவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு ஸ்கூட்டி பக்கம் போகாதீர்கள்.