உச்ச விலையில் வாங்கிய தொழில்நுட்பப் பங்கு சரிவைத் தாங்குமா?

ஃபோர்ட் கணக்கர்: நேற்று செம்பூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "லாபம் ஈட்டும் தொழில்நுட்ப நிறுவனத்தை எந்த விலைக்கும் வாங்கலாம், சந்தை சரிந்தாலும் தாங்கிவிடும்" என்கிறார். கணினி வலையமைப்புக் கருவிகள் விற்கும் அமெரிக்க நிறுவனம் சிஸ்கோ லாபம் ஈட்டவில்லையா? 2000 மார்ச்சில் பங்கு 80 டாலர்; உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம். 2002 அக்டோபரில் 10 டாலருக்கும் கீழே. பிறகு லாபம் பல மடங்கு பெருகியது. ஆனால் அந்த 80 டாலர் திரும்ப வந்தது 2025 டிசம்பரில்தான்! நிறுவனம் தாங்கியது, சரி. வாங்கியவர்?

செம்பூர்வாசி: ஈவுத்தொகையை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணத்தை, வசதியாக விட்டுவிட்டீர்களே. 2011 முதல் சிஸ்கோ கொடுத்து வருகிறது. அதைச் சேர்த்தால் 2025 வரை காத்திருக்கவே வேண்டாம். பாதிக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமா?

ஃபோர்ட் கணக்கர்: 2011! அதற்கு முந்தைய 11 ஆண்டுகள் ஒரு சென்ட் கூட வரவில்லை, தம்பி. 80 டாலருக்குப் பதில் சொல்லுங்கள்.

செம்பூர்வாசி: நான் உங்கள் தம்பி இல்லை. ஈவுத்தொகைக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்தேரி கிழக்கு: ஒரே பங்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இந்திய ஐ.டி. நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஐ.டி. குறியீடு 2022இல் 25 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2024இல் புதிய உச்சம் தொட்டது. அமேசானைப் பாருங்கள்.

ஃபோர்ட் கணக்கர்: பார்த்தேன். 1999 டிசம்பரில் 107 டாலர், 2001இல் 6 டாலருக்கும் கீழே. பழைய உச்சத்துக்கு வர 2009 ஆயிற்று. நடுவில் யார் கையில் பங்கு மிஞ்சியிருந்தது? 2001 மார்ச்சில் நான் ஒரு தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கடனில் பங்கு வாங்கியவர் ஈடாக வைக்க வேண்டிய பணம்தான் மார்ஜின்; அது குறைந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வது என் வேலை. மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மென்பொருள் பங்குகளை அடகு வைத்து, அந்தப் பணத்தில் அதே பங்குகளை மேலும் வாங்கியிருந்தார். "திங்கள் வரை பொறுங்கள், மகன் பணம் அனுப்புவான்" என்றார். வெள்ளி மதியமே தரகர் அவருடைய பங்குகளை விற்றுத் தீர்த்தார். விலை என்றாவது ஏறும் என்று காத்திருக்க அவரிடம் பங்கே இல்லை. விலை ஏற்கெனவே பல ஆண்டு வளர்ச்சியை முன்கூட்டியே விழுங்கியிருந்தால் சரிவில் எதைப் பிடித்து நிற்பது?

செம்பூர்வாசி: கடனில் வாங்கியது அவர் செய்த பிழை. உயர்ந்த மதிப்பீட்டின் மீது ஏன் பழி போடுகிறீர்கள்?

முலுண்ட் வாசகி: செம்பூர்வாசிக்கு மறதி அதிகம். 2021 நவம்பரில் பங்கு ஒன்று 2,150 ரூபாய் என்று வந்த பேடிஎம்மின் முதல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது யார்? முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. கடனில்லாமல் சேமிப்பில்தான் வாங்கினேன்.

செம்பூர்வாசி: அது அப்போது நட்டத்தில் இருந்த நிறுவனம். நான் பேசுவது லாபமுள்ளவற்றை. நான்கு ஆண்டுக்கு முந்தைய கோபத்தை இங்கே கொட்டாதீர்கள்.

முலுண்ட் வாசகி: அன்று நட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? பணம் போனது எனக்கு. கோபம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தேரி கிழக்கு: தொழில்நுட்பப் பங்கு என்று எதைச் சொல்கிறோம்? நிறுவனங்களுக்கு மென்பொருள் சேவை விற்கும் டி.சி.எஸ்ஸும் பேடிஎம்மும் ஒன்றா?

ஃபோர்ட் கணக்கர்: அதைப் பிறகு பேசலாம். 80 டாலருக்கு இன்னும் பதில் வரவில்லை. லாபம் இருந்தது, கடைசியில் ஈவுத்தொகையும் வந்தது. விலை மட்டும் கால் நூற்றாண்டு திரும்பவில்லை. இளைஞர்கள் சம்பளத்தை அப்படியே செயற்கை நுண்ணறிவுப் பங்குகளில் போடுகிறார்கள். அவர்களிடம் போய் "எந்த விலைக்கும் வாங்கு" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

செம்பூர்வாசி: உங்களைப் போன்றவர்கள் பயந்து வெளியே நின்ற ஆண்டுகளில்தான் மற்றவர்கள் வீடு வாங்கினார்கள். ஈவுத்தொகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பிறகு பேசுவோம்.

ஃபோர்ட் கணக்கர்: ஆண்டுவாரியாக நீங்களே போடுங்கள். வரியைக் கழித்துப் போடுங்கள். வாங்கிய விலை 80 என்றே இருக்கட்டும்.

செம்பூர்வாசி: எல்லோருமா உச்சியில் வாங்கினார்கள்? 40 டாலரில் வாங்கியவரை ஏன் மறைக்கிறீர்கள்?