ஸ்கேன் செய்த பேனா ஓவியத்தை வெக்டராக்கினால் ஒவ்வொரு கோடும் இரட்டையாக வருகிறது

கேள்வி:
வணக்கம். கறுப்பு மைப் பேனாவால் வரைந்த ஒரு பறவைப் படத்தை 150 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 150 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, ஜேபெக்காக வைத்து, இங்க்ஸ்கேப்பில் (வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவங்களை வரையும் மென்பொருள்) திறந்து, வெக்டர் கோப்பு வகையான எஸ்விஜி-யாகச் சேமித்தேன். பெரிதாக்கினால் அதே கட்டம் கட்டமான படம்தான். அப்புறம் பிக்சல் படத்தை வடிவங்களாக மாற்றும் 'டிரேஸ் பிட்மேப்' அதில் இருப்பது தெரிந்து அதை ஓட்டிப் பார்த்தேன். எண்ண முடியாத அளவு நோடுகள் (வடிவத்தின் பாதையைத் தீர்மானிக்கும் முனைகள்), தாளில் இருந்த தூசியெல்லாம் புள்ளிகள், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு ஓரத்திலும் நோடுகள். எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1:
எஸ்விஜி-யாகச் சேமித்தாலே வெக்டர் ஆகிவிடாது நண்பரே. உள்ளே அதே பிக்சல் படம்தான் உட்கார்ந்திருக்கும்.

டிரேஸ் செய்வதற்கு முன்னால் ஸ்கேனைச் சரிசெய்யுங்கள், பாதிக்கு மேல் வேலை அங்கேதான் இருக்கிறது. 600 டிபிஐ, கிரேஸ்கேல், பிஎன்ஜி. ஜேபெக் சுருக்கும்போது கோட்டைச் சுற்றி மங்கலான சாம்பல் பிசிறு வந்துவிடும், டிரேஸ் அதையும் வடிவமாக எடுத்துக்கொள்ளும். பிறகு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 'லெவல்ஸ்' திறந்து, வலது முனையை இடப்பக்கம் நகர்த்தித் தாளைச் சுத்த வெள்ளையாக்குங்கள், இடது முனையை வலப்பக்கம் நகர்த்தி மையைக் கறுப்பாக்குங்கள். டிரேஸில் 'பிரைட்னஸ் கட்ஆஃப்' (எந்த வெளிச்சம் வரை கறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லை) 0.45-இல் இருக்கும். மெல்லிய கோடுகள் அறுந்து வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குறையுங்கள். தூசிப் புள்ளிகளுக்கு 'ஸ்பெக்கிள்ஸ்' மதிப்பைக் கூட்டினால் போதும், ஆனால் ரொம்பக் கூட்டினால் பறவையின் கண்ணும் சேர்ந்து போய்விடும்!

பதில் 2:
இரட்டைக் கோடு தவறே இல்லை. டிரேஸுக்குக் கோடு என்ற ஒன்று தெரியாது, கறுப்புப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் தெரியும், அதனால் நீங்கள் ஒரே இழுப்பில் வரைந்த கோடு அதற்கு ஒல்லியான, நீளமான ஒரு தீவு மாதிரி. அதன் கரையைச் சுற்றித்தான் நோடுகளை வைக்கிறது. நிறம் ஸ்ட்ரோக்கில் (ஓரக் கோட்டில்) இல்லாமல் ஃபில்லில் (உள்நிரப்பில்) இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒற்றைக் கோடுதான் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் 1.0 முதல் 'சென்டர்லைன் டிரேஸிங்' (கோட்டின் நடுவே ஒரே பாதை போடுவது) இருக்கிறது. ஆனால் பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் வரைந்த அந்தத் தடிப்பு மெலிவு முழுக்கப் போய்விடும், கோடுகள் சந்திக்கும் இடங்களும் கோணலாகும். கையால் வரைந்ததன் உயிரே அந்தத் தடிப்பில்தான் இருக்கிறது என்பதால் நான் ஓர டிரேஸைத்தான் சொல்வேன். கோடு தடிக்க வேண்டுமா, ஃபில் நிறத்திலேயே மெல்லிய ஸ்ட்ரோக் கொடுங்கள்.

வண்ணம் தீட்ட: கன்ட்ரோல் ஷிஃப்ட் கே அடித்து வடிவங்களைப் பிரியுங்கள். எல்லாம் கறுப்பாகிவிடும், பயப்படாதீர்கள். வெளிப்புற வடிவத்தைத் தேர்ந்தெடுத்து 'எண்ட்' விசையால் அடியில் தள்ளினால், உள்ளே வெள்ளையாக இருந்த இடங்கள் தனி வடிவங்களாக மேலே நிற்கும். இறகு இறகாக நிறம் கொடுக்கலாம்.

பதில் 3:
நோடு குறைக்க கன்ட்ரோல் எல் (சிம்ப்ளிஃபை). அதை மட்டும் படபடவென்று தொடர்ந்து அடிக்காதீர்கள், அடுத்தடுத்து வேகமாக அடித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் பலமாக வேலை செய்து மூலைகளை மழுக்கிவிடும். லோகோ மாதிரி எளிய வடிவமென்றால் ஸ்கேனைப் பூட்டிய லேயரில் வைத்து, மேலே பேனா கருவியால் கையாலேயே வரைந்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நோடில் முடிந்துவிடும், எந்த டிரேஸும் அவ்வளவு சுத்தமாகத் தராது. பென்சில் நிழல் உள்ள படத்தை டிரேஸ் செய்யவே வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி! 600-இல் மறுபடி ஸ்கேன் செய்து லெவல்ஸ் சரிசெய்ததுமே தூசி எல்லாம் போய்விட்டது. கண் தனி வடிவமாக வந்திருக்கிறது. ஒரே சந்தேகம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரத்தில் பிக்சல் தெரிகிறதே?

பதில் 2:
டிரேஸ் ஆன வடிவம் பழைய படத்தின் மேலேயே வந்து உட்காரும். மேலே இருப்பதை இழுத்துத் தள்ளி வைத்துப் பாருங்கள், அடியில் ஸ்கேன் கிடக்கும். அதை அழித்துவிட்டுச் சேமியுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், அடியில்தான் இருந்தது. அழித்துவிட்டேன், இப்போது ஓரமெல்லாம் வழவழவென்று இருக்கிறது.