சிவப்பு ஃபில்டர்: "வடிகட்டி" போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

கருப்பு வெள்ளைப் படங்களுக்கான சொற்பட்டியலில் கலர் ஃபில்டருக்கு, அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடிக்கு, "நிற வடிகட்டி" என்று முடிவு செய்திருந்தோம். அதை மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பவானியில் ஒரு தறிக்கூடத்தில் ஜமக்காளம் ஒன்றைப் படம் எடுத்தேன். கண்ணுக்குப் பளீரென்று சிவப்புப் பட்டை, அதை ஒட்டியே பச்சைப் பட்டை. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல், எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுத்த அடுத்த படத்தில் சிவப்புப் பட்டை வெளுத்து வந்திருக்கிறது, பச்சை கிட்டத்தட்டக் கருப்பு. கூட வந்த பையனிடம் "இது சிவப்பு வடிகட்டி" என்றேன். "அப்ப சிவப்பை வடிச்சு எடுத்துருங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. டீ வடிகட்டியில் டீ இறங்குகிறது, தூசி வடிகட்டியில் தூசி நிற்கிறது. முன்னால் வரும் சொல் இறங்குவதையும் குறிக்கும், நிற்பதையும் குறிக்கும், கேட்பவர் பொருளை வைத்துப் புரிந்துகொள்கிறார். சிவப்பு வடிகட்டியில் அப்படிப் புரிந்துகொள்ள வழியில்லை, மாற்றிப் புரிந்துகொண்டால் வெளுக்க வேண்டியது கருத்துவிடும்.

அதனால் "நிறமடை" என்று வைக்கலாமா? காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் வளர்ந்தவனுக்கு மடை என்றால் தண்ணீர் வரும் வழி. சிவப்பு மடை என்றால் சிவப்பு வரும் வழி, அவ்வளவுதான். அப்புறம் ஃபில்டர் ஃபாக்டருக்கு, அதாவது ஃபில்டர் மாட்டினால் எத்தனை மடங்கு ஒளி கொடுக்க வேண்டும் என்ற எண்ணுக்கு, "ஒளி மடங்கு" போதும் என்று நினைக்கிறேன். 25ஆம் எண் சிவப்புக்கு 8 மடங்கு, அதாவது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளியை இரட்டிப்பாக்குவது). 8ஆம் எண் மஞ்சளுக்கு 2 மடங்கு, 1 ஸ்டாப்.

— பவானியிலிருந்து

> சிவப்பு மடை என்றால் சிவப்பு வரும் வழி

அண்ணா, குழப்பம் இருப்பது உண்மைதானுங்க, ஆனால் மடை எனக்கு ஒட்டவில்லை. மடை தண்ணீரைத் திறக்கும், அடைக்கும், ஆனால் இந்தத் தண்ணீர் வேண்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று பிரிக்காது. நேரம் வைத்துத் திறந்து மூடுகிற ஷட்டருக்குத்தான் அது பொருந்தும். மேட்டுப்பாளையத்தில் நின்று நீலகிரியை எடுக்கும்போது மலைமேல் நீலமாகப் படர்ந்திருக்கும் மங்கலைச் சிவப்பு ஃபில்டர் நீக்கிக் கொடுக்கிறதே, அது வடிகட்டுகிற வேலைதானே? வடிகட்டி இருக்கட்டும், முன்னால் "விடு" சேர்ப்போம்: சிவப்புவிடு வடிகட்டி, பச்சைவிடு வடிகட்டி. எது போகும் என்பதைச் சொல்லே சொல்லிவிடும்.

— திருப்பூரிலிருந்து

தம்பி, ஷட்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரி, மடையை விட்டுவிடுகிறேன். மங்கல் பற்றி மட்டும் விளக்கத்தில் ஒரு வரி வேண்டும்: காற்றில் சிதறும் நீல ஒளியைத்தான் அது தடுக்கும், ஊட்டியில் இறங்குகிற நிஜப் பனிமூட்டத்தில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்த நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றாகவே சிதறடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு ரோல் ஃபிலிமை வீணாக்குவார்கள்.

"மஞ்சள்விடு" என்பதில்தான் எனக்கு இன்னும் ஒரு தயக்கம். அந்தக் கண்ணாடியில் மஞ்சள் மட்டுமா போகிறது? பச்சையும் சிவப்பும் சேர்ந்தே போகின்றன, நிற்பது நீலம் ஒன்றுதான், அதனால்தான் வானம் கொஞ்சம் கருத்து மேகம் எழுந்து தெரிகிறது. "நீலம்தடு வடிகட்டி" என்று போட்டால் துல்லியம், ஆனால் கடையில் மஞ்சள் என்று கேட்டு வாங்குகிறவர் பட்டியலில் அதை எங்கே தேடுவார்? "மஞ்சள்விடு" என்றே போட்டு, நீலத்தைத் தடுக்கும் என்று பக்கத்தில் எழுதிவிடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.