கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமா? தமிழ்நாட்டு நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, என் சித்தி மகளுக்காகக் கேட்கிறேன். வயது 26, கல்யாணம் ஆகவில்லை, இப்போது 11 வாரம். மதுரையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் "வீட்டுக்காரரையோ அப்பா அம்மாவையோ கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்லும் நிலைமை இல்லை.

நான் படித்த வரைக்கும், 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தபிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் என்றால் இரண்டு மருத்துவர்கள், அதுவும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும். அந்தப் பிரிவில் கல்யாணமாகாதவர்களும் அடக்கம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்திருந்தால் அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். அவள் பெயரை வெளியே சொல்வதும் குற்றம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, ரிசப்ஷனுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை போல!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியாகப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துணைக்கு ஆள் கேட்பார்களா? ஆதார்? காப்பர் டி போட்டால்தான் செய்வோம் என்று வற்புறுத்துவதாகப் பயமுறுத்துகிறார்கள், நிஜமா?

மருந்துக்கடை மாத்திரை யோசனை வேண்டாம், 9 வாரம் தாண்டியாச்சு. அறிவுரையும் வேண்டாம். கேள்வி கேட்டு நோகடிக்காத டாக்டர் மதுரை, திருச்சி பக்கம் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், இந்த வாரமே போகணும்.