உதவி தேவை: கடல், ஏரி இரண்டுக்கும் ஒரே தூண்டில் ரீல், இப்போது கீச்சிடுகிறது

சிப்புட் பையன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் மச்சானும் நானும் மூன்று நாள் கெம்பிங் போனோம். முதல் இரவு லூமுட் பக்கம் தெலுக் பாத்தேக், பாறையில் உட்கார்ந்து கடல் தூண்டில். மறுநாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு செண்டரோ ஏரி.

கடலில் இரண்டு கெலாமா, ஒரு டூரி, அவ்வளவுதான். ஏரியில் விடியற்காலையில் நல்ல செபாராவ் மீன் ஒன்று ஸ்பூனை, அதுதான் மின்னும் உலோகப் பொய் இரையை, அடித்தது. நூல் சர்ரென்று ஓடாமல் திக்கித் திக்கிப் போனது, கீச்சென்று சத்தம், அப்புறம் பட்டென்று அறுந்தது. மச்சான் இன்னும் சிரிக்கிறான்.

2500 அளவு ஸ்பின்னிங் ரீல், பின்னல் நூல். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. உப்பு போகட்டும் என்று ஏரித் தண்ணீரில் முக்கியும் எடுத்தேன். சுற்றி இழுக்கும்போது கரகரவென்கிறது. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பால்மரம்:
முக்கினாயா! தம்பி, அதை முதலில் நிறுத்து. முக்கினால் வெளியே இருக்கும் உப்பும் மணலும் தண்ணீரோடு உள்ளே போகும். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை, இறுக்கிவிட்டு, குழாயை மெல்லத் திறந்து மேலாகக் கழுவினால் போதும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வை. கார் கழுவும் பம்ப்பெல்லாம் வேண்டாம்.

அலைக்காரன்:
டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடி, தீர்ந்தது வேலை.

ஆற்றங்கரை அக்கா:
அது துருவை இளக்கும், கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். டிராக் வாஷரில் பட்டால் இன்னும் கெடும். தம்பி, புதிதும் வாங்காதே, எதையும் அடிக்காதே. முதலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார். அப்போதும் கரகரத்தால் கியரோ பேரிங்கோ போயிருக்கிறது. வழவழவென்று சுற்றினால் கோளாறு வேறிடம்.

அடுத்து, நூல் ஏறி வரும் பேல் கம்பி முனையில் ஒரு குட்டி உருளை இருக்கும், லைன் ரோலர். விரலால் தள்ளு. சுழல்கிறதா?

சிப்புட் பையன்:
அக்கா, ஸ்பூல் இல்லாமல் நன்றாகச் சுற்றுகிறது. ரோலர் அசையவே மாட்டேன் என்கிறது!

ஆற்றங்கரை அக்கா:
அதுதான். அங்கே கடல்நீர் காய்ந்து உப்பு கட்டியாகிவிட்டது. உருளை சுழலாவிட்டால் நூல் அதன்மேல் தேய்ந்துகொண்டுதான் ஓடும். கீச்சுச் சத்தம், திக்கல், அறுந்தது எல்லாம் அதனால்தான். திருகைக் கழற்று. கழற்றும் வரிசையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, காயவிட்டு, ரீல் எண்ணெய் ஒரு சொட்டு. நூலின் முனையை விரலில் உருட்டிப் பார், பஞ்சு பஞ்சாக இருக்கும் பகுதி முழுவதையும் வெட்டிப் போடு. ஸ்பூலையும் தனியாக ஓர் இரவு ஊறவை, பின்னல் நூல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பால்மரம்:
அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். ஏரி முதலில், கடல் கடைசியில், அன்றிரவே வீட்டுக் குழாய். கடலை முடித்து ஏரிக்குப் போனால் ரீல் ஒரு நாள் முழுக்க உப்போடு கிடக்கும்.

இன்னொன்று. செண்டரோவில் கூடாரத்தைத் தண்ணீர் ஓரம் போடாதீர்கள். 1930-இல் வந்த அணை அது, பேராக் ஆற்றில் அதற்கு மேலே கெனெரிங், பெர்சியா, தெமெங்கோர் என்று மூன்று அணைகள் இருக்கின்றன. மேலிருந்து தண்ணீர் விட்டால் கரை இருந்த இடத்தில் இருக்காது. கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம், மணலில் காய்ந்த குப்பைக்கோடு தெரியுமே, அதற்கும் மேலே போடுங்கள்.

சிப்புட் பையன்:
திறந்துவிட்டேன். உள்ளே பித்தளை வளையத்தில் பச்சையாகப் பொடி, சுற்றிலும் வெள்ளை உப்பு. நகத்தால் சுரண்டியபோது அரிசி அளவு வாஷர் தெறித்து, அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் போய் விழுந்தது. அரை மணி நேரம் தேடல், திட்டு தனி. இப்போது ரோலர் ஊதினாலே சுழல்கிறது. நூலில் ஏழெட்டு மீட்டர் வெட்ட வேண்டியிருந்தது.

மச்சான் ரீலையும் தள்ளிப் பார்த்தேன், அதுவும் இறுகித்தான் கிடக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.