இரண்டடித் தொட்டியில் எந்தக் கடல் மீன்களை வளர்க்கலாம்?

பெரம்பூர் பாலா:
அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகக் கப்பி, மோலி, ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களை வளர்த்து வருகிறேன். இப்போது 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட ஒரு தொட்டியைக் கடல் மீன்களுக்கென ஒதுக்க விரும்புகிறேன். கொளத்தூரில் விசாரித்தபோது, ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ப்ளூ டாங், இரண்டு டாம்செல் ஆகியவற்றை இதில் தாராளமாக விடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். இன்னொரு கடையிலோ இந்த அளவுக்குக் கடல் மீனே வேண்டாம் என்றார்கள். மகள் கடல் குதிரை வேண்டும் என்கிறாள். எந்த மீன்களை, எத்தனை, எந்த வரிசையில் விடுவது சரியாக இருக்கும்? வீட்டில் குளிர்சாதன வசதி இல்லை. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கும் நிலையிலும் தற்போது நான் இல்லை.

உவர்நீர்:
வணக்கம் பாலா. உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 70 லிட்டர். மணலும் பாறையும் இட்ட பிறகு 60 லிட்டர் நீர்தான் நிற்கும். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாகக் காட்டப்படும் ப்ளூ டாங், முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் வரை நீளும். நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருக்கும் இனம் அது. 30 சென்டிமீட்டர் அகலமே உள்ள தொட்டியில் அதை விடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். டாம்செல் விலை மலிவானது, எதையும் தாங்கக்கூடியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒரு மூலையைத் தன் எல்லையாக்கிக்கொண்ட பிறகு, அடுத்து வரும் எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. பெரிய தொட்டியில் விரட்டப்படும் மீன் தப்பித்துக்கொள்ள இடம் உண்டு, உங்கள் தொட்டியில் இல்லை.

என் பரிந்துரை மூன்றே மீன்கள்: ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் க்ளவுன், அடிமணலில் வாழும் சிறு மீனான கோபி ஒன்று. க்ளவுன் மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதும் வலியதுமான ஒன்று பின்னர் பெண்ணாக மாறுகிறது. எனவே ஒன்று சற்றுப் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இரண்டு இளம் மீன்களை ஒரே நாளில் வாங்கி விட்டால், அவை பெரும்பாலும் தாமாகவே ஜோடி சேர்ந்துவிடும். கடலில் க்ளவுன்கள் அண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) என்ற உயிரி அவற்றுக்குத் தொட்டியில் தேவையில்லை. அதற்கு வலுவான விளக்கும் பல மாதங்கள் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். இறந்தால் தொட்டி நீர் முழுவதையும் கெடுத்துவிடும். வாங்கும்போது இனத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் கடற்கரையில் கிடைக்கும் செபே க்ளவுன் 16 சென்டிமீட்டர் வரை வளரும். மரூன் க்ளவுனின் மூர்க்கத்துக்கு இந்தத் தொட்டி போதாது.

கோபியில் மஞ்சள் வாட்ச்மேன் எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்தாலும் அடிமணலை விட்டு அதிகம் அலையாது. வசதிப்பட்டால் அதனுடன் ஒரு பிஸ்டல் இறாலையும் விடுங்கள்: பார்வை மங்கிய இறால் வளை தோண்டிக்கொண்டிருக்க, மீன் வாசலில் நின்று காவல் காக்கும், இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியேதான் வெளியே வரும். உங்கள் மகளுக்குக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த காட்சியை இந்த அளவுத் தொட்டியில் அமைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அழகில் மயங்கி மாண்டரின் மீனை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது பாறையில் ஊரும் கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிரிகளையே நாள் முழுதும் மேய்ந்து வாழ்வது. சிறு தொட்டியில் அவை தீர்ந்தபின் பட்டினியால் மெலிந்து இறக்கும்.

மண்டபத்து வாசகி:
மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். கடல் குதிரையைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் குதிரை இனங்கள் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டுவிட்டன. கல் பவளங்களும் அவ்வாறே. யார் விற்றாலும் வாங்கக் கூடாது. பாறை என்ற பெயரில் காய்ந்த பவளத்தைத் தருபவர்களும் உண்டு. அதையும் தவிர்த்து, பீங்கானால் செய்த செயற்கைப் பாறையைக் கேட்டு வாங்குங்கள்.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது அது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடிக்கப்பட்டதா என்று தவறாமல் கேளுங்கள். க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் வெற்றிகரமாகச் செய்து காட்டப்பட்டது. பண்ணைக் குஞ்சுகள் உலர் தீவனத்துக்குப் பழகியிருக்கும், மனிதர்களைக் கண்டு மிரளாது, பவளப் பாறைக்கும் இழப்பில்லை. தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்படிப் பிடிக்கப்பட்டவை கடையில் நன்றாகத் தோன்றினாலும் பின்னர் காரணம் தெரியாமல் இறக்கக்கூடும். பணம் கொடுக்கும் முன், உங்கள் கண் முன்னே மீனுக்குத் தீவனம் இடச் சொல்லுங்கள். உண்ணாத மீனையும், மூச்சு வேகமாக வாங்கும் மீனையும், உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி உள்ள மீனையும் வாங்காதீர்கள்.

பெரம்பூர் பாலா:
இருவருக்கும் மிக்க நன்றி. டாங்கையும் கடல் குதிரையையும் விட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. தொட்டியைப் பழக்குவதற்கு, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுவதற்கு, முதலில் டாம்செல் விட்டுப் பிறகு எடுத்துவிடலாம் என்று கடையில் சொன்னார்களே, அது சரியா? மே மாத வெப்பத்தை இந்த மீன்கள் தாங்குமா?

உவர்நீர்:
டாம்செல் விட வேண்டாம். கடல் நீரின் pH (அமில-கார அளவு) 8.2 அளவில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கு மீனுக்குக் கூடுதல் நஞ்சாகிறது. அந்த வேதனையை ஓர் உயிரின் மேல் சுமத்தத் தேவையே இல்லை. மீனில்லாத தொட்டியில் ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் சுழியத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பிறகு அமைதியான கோபியை முதலில் விடுங்கள். அது வளையைத் தேர்ந்துகொண்டு நன்றாக உண்ணத் தொடங்கிய பின் க்ளவுன்களை விடுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறிகளை ஓட விட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். 60 லிட்டரில் நாளுக்கு இரண்டு லிட்டர் குறைந்து, மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 39 கிராமாகிவிடும். ஆகவே தினமும் காலையில் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றி, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் நீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். மெரினாவிலிருந்து நீர் எடுத்து வர எண்ண வேண்டாம்; கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், மின்தடையின்போது ஓட ஒரு பேட்டரி ஏர் பம்பு கட்டாயம் வைத்திருங்கள். கண்ணாடி மூடி போட்டால் விசிறியால் பயனில்லை, மூடாமல் விட்டால் கோபி துள்ளி வெளியே விழும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலைதான் இரண்டுக்கும் பொருந்தும்.